கம்பி கொடுத்த வீடு

குடுபல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு பத்மாவதி எழுதுவது.

நானும் பிரமிளாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுவலிக்கு ஜெயில் டாக்டர் மாத்திரை கொடுத்ததாக உங்கள் தம்பி ரமணா வந்து சொன்னார். வெறும் தரையில் படுக்காதீர்கள். போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தால் அதைக் கீழே விரித்துப் படுங்கள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. குப்பம் தாண்டி நீங்கள் எங்கேயும் தங்கினதில்லை, எந்த ஊருக்கு எழுதுவது? அன்றைக்கு சித்தூருக்கு உங்களைப் பார்க்க வந்தபோது பேச வேண்டும் என்று நினைத்ததைப் பேச முடியவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், என் தோளை இடித்துக்கொண்டு ரமணா. சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்குத் தவிடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். நேரமாகிவிட்டது என்று விரட்டிவிட்டார்கள். பஸ் மாறி பஸ் மாறி வந்து புருஷனிடம் தவிட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பின பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தக் கடிதத்தை ஜெயில்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருத்தராவது இருப்பார். படிக்கட்டும்.

பசு கன்று போட்டுவிட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கம் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தேன். பிறகு யார் வாங்குவார்கள் என்று தோன்றியது, நானே குடித்தேன். மழை பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. கன்றுக்குட்டிக்கும் அந்தத் தண்ணீரைத்தான் காட்டுகிறேன்.

வேர்க்கடலை பிடுங்கியாகிவிட்டது. யார் வந்து பிடுங்கினார்கள் என்று கேட்பீர்கள். கூலிக்கு நம் நிலத்தில் இறங்க ஒருத்தரும் வரவில்லை. உங்கள் பங்காளிகள் அந்தப் பக்கமாகப் போனவர்கள் போனார்கள், வந்தவர்கள் வந்தார்கள், ஒருத்தர் வாயைத் திறந்து எப்போது பிடுங்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. செடி காய்ந்து, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்று இருந்தபோது ஒரு நாள் காலையில் சீனு வந்தான். கூட அந்தப் பசங்கள் எல்லாரும். தமிழரசுவோடு சுற்றிக்கொண்டிருந்தார்களே, அதே பசங்கள். பத்மாக்கா கொடி எங்க போட்டு வெக்கட்டும் என்று மட்டும் கேட்டார்கள். பிரமிளாவும் இறங்கிப் பிடுங்கினாள். வரப்பில் அந்த ஒரு இடம் வந்தபோது எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இருந்த செடிகளை நான் பிடுங்கினேன்.

எனக்கு அழுகை வரவில்லை, மாமா. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க இருக்கிறது. களி கிண்டுகிறேன், சாணி அள்ளுகிறேன், டிவி போட்டால் பார்க்கிறேன். ஏதாவது ஆகிவிட்டதா இவளுக்கு என்று என் அண்ணி கூட வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் ஆகவில்லை என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

இனி எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வக்கீலும் ரமணாவும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நடந்தது எது, அவர்கள் சொல்வது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. அதனால் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு அங்கே வேறு என்ன வேலை?

போன வருஷம் மாந்தோப்பில் அந்தப் பெண் யானை கரண்டுக் கம்பியில் மாட்டிச் செத்தது. குட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு தும்பிக்கையால் தாயைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. ஊரே போய்ப் பார்த்தோம். நான் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். திரும்பி வந்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் சிரஞ்சீவி டீக்கடையில் உட்கார்ந்தீர்கள். காடு காய்ந்துவிட்டது, உலகமே சூடாகிவிட்டது, ஆனை என்ன செய்யும், கவர்மெண்டு பள்ளம் வெட்ட வேண்டும், பாரஸ்ட்காரன் தூங்குகிறான் என்று ஒரே பேச்சு. நீங்கள்தான் எல்லாருக்கும் மேலே சத்தமாகப் பேசினீர்கள், பால் ஊற்ற வந்த எனக்கே ரோட்டிலிருந்து கேட்டது. அப்போதுதான் காலனி செங்கம்மாவின் மகன் தமிழரசு எழுந்து நின்று, கம்பி கட்னது கவுர்மெண்டா நாமளா, பேசிக்கினே இருந்தா யாரு அவுக்கறது என்று கேட்டான். வீட்டுக்கு வந்து நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஐடிஐ படிச்சதும் வாய் வந்துடுச்சு பாரு என்றீர்கள். பிரமிளா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் பேசவில்லை, செய்தான். நம் பெண்ணும் சீனுவும் இன்னும் சில பசங்களும் அவனோடு சேர்ந்தார்கள். எருவட்டியில் மிளகாய்த்தூள் கலந்து தட்டிக் காயவைத்து, யானை வருகிற பக்கம் புகை போட்டார்கள். மிளகாய் நெடியில் நாமெல்லாம் தும்மிக்கொண்டு கிடந்தோம், அந்தச் சனியன் பிடித்த பசங்களை நானே திட்டியிருக்கிறேன். மலையிலிருந்து கூட்டம் இறங்கினால் ஊர் முழுக்கப் போனில் செய்தி வரும். மிதிபட்ட பயிருக்கு நஷ்டஈடு கேட்டு எல்லாருக்கும் தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் வீடு வீடாக வந்து, கம்பியைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். திட்டினவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போய் நின்றார்கள். யாரையும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆடியில் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றின அன்றைக்குக் கோயில் வாசலில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து போட்டு, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நீங்களும் போட்டீர்கள். கற்பூரத்தை ஒரே அடியில் அணைத்தீர்கள். பிரமிளா கூட்டத்தில் நின்று எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், எங்க நைனா பாருங்கள் என்று சொல்கிற மாதிரி. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பத்தாவது பாஸ் ஆனபோதுகூட நான் பார்க்கவில்லை.

பரண்மேல் இன்னொரு சுருள் இருந்தது எனக்குத் தெரியாது.

காட்டுப்பன்றி இறங்கி வேர்க்கடலையைக் கிளறிப் போட்டபோது எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? எரிந்தது. நீங்கள் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தப் புகைக்கு யானை பயப்படும், பன்றி எங்கே பயப்படுகிறது? மோட்டார் கொட்டகையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது, கரண்டு வந்தால் தானாக ஓடும், அதில் ஒரு கம்பியை மாட்டிவிட்டால் போதும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. மனிதரைக் கொல்ல வேண்டும் என்று நீங்கள் கட்டவில்லை. அது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படிக்கிற ஜெயில் ஐயாவும் தெரிந்துகொள்ளட்டும். நிலத்துக்கு ராத்திரியில்தான் கரண்டு விடுவார்கள், விடிவதற்குள் நின்றுவிடும், பாலைக் கறந்துவிட்டு வந்து கம்பியை அவிழ்த்துவிடலாம் என்பது உங்கள் கணக்கு. அந்த வாரம் ஷிப்டு மாறியிருந்தது. காலையில்தான் கரண்டு வந்தது. கரண்டு ஆபீஸிலிருந்து போனில் செய்தி வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

மலைப்பக்கம் யானை பார்க்கப் போன பசங்கள் விடிந்து ஆளுக்கொரு வழியாகத் திரும்பினார்கள். வழியில் யாரோ விட்டுவைத்திருந்த பழைய கம்பிச் சுருளைத் தமிழரசு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எந்த வழியாகப் போவது என்று கேட்டானாம். எங்க நெலத்து வழியா போ, எங்க நைனா கம்பி குடுத்துட்டாரு, பயமில்ல என்று சொன்னது நம் பெண். வேறு வழியாகப் போன சீனுவோடு போனில் பேசிக்கொண்டு அவள் பின்னால் நின்றாள். அவன் முன்னால் போனான்.

இதோடு நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இப்போது திங்கட்கிழமை காலை. பாலை ஊற்றிவிட்டு வந்து மறுபடியும் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததை இனிமேல்தான் எழுத வேண்டும்.

பிரமிளா பார்த்தாள், மாமா. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் வரப்பில் கிடந்தான். நீங்கள் ஓடிவந்தீர்கள், கொட்டகையில் பியூஸைப் பிடுங்கினீர்கள். அப்புறம் அவனிடம் போகவில்லை. ஸ்டார்ட்டரிலிருந்து கம்பியை அவிழ்த்தீர்கள், சுருட்டினீர்கள், கிணற்றில் போட்டீர்கள். அதன் பிறகுதான் ஐயோ யாராவது வாங்க என்று சத்தம் போட்டீர்கள். புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எங்க நைனாதான் பக்கத்துல இருக்காரே, தூக்கிடுவாரு, தூக்கிடுவாருன்னு பாத்துக்கினே இருந்தேம்மா என்றாள். கரண்டு பட்ட உடனேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உங்களுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இவ்வளவு நாள் அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோதும் தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் சாப்பிட்டாள், பேசாமல் காலேஜுக்குப் போனாள், சாயங்காலம் அந்தப் பசங்களோடு போய் எருவட்டி தட்டினாள். ஊரில் அவனையும் இவளையும் சேர்த்து வேறு விதமாகப் பேசுகிறார்கள். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவளைப் பேசவைத்தது வக்கீல்தான். ரமணா அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னார். பையன் தோளில் கம்பி இருந்ததாம், அதைப் பார்த்த சாட்சி இருக்கிறதாம். ஆகையால் பன்றி பிடிக்க அவனே கம்பி கொண்டுவந்து நம் கொட்டகையில் மாட்டியிருக்கிறான், மாட்டும்போது அடித்துவிட்டது, நீங்கள் பாவம் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று ஜாமீன் மனுவில் எழுதிவிடலாமாம். காலனிப் பையன் பன்னிக்கு கம்பி போட்டான்னா எந்த ஜட்ஜும் நம்புவாரு வதினா என்று ரமணா சிரித்தார். அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னார். பிரமிளா உள்ளே இருந்து வந்து வக்கீலின் எதிரில் நின்றாள். எங்க நைனா இதுக்கு சரின்னு சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார் என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் கிணற்றுக் கதையை என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அம்மா நான் கோர்ட்டுல சொல்லப்போறேன் என்றாள். நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன்.

ரமணா தினமும் வந்து கத்துகிறார். பெத்தவரையே காட்டிக் குடுக்கறியே, நாளைக்கு உன்னை எவன் கட்டிக்குவான் என்கிறார். அந்தப் பசங்களோடு சேர்ந்துதான் கெட்டுப்போனாள் என்கிறார். சித்தப்பா, ஆனை செத்ததுலருந்து எல்லாரும் கம்பி தப்பு கம்பி தப்புன்னு பேசினீங்க, நாங்க செஞ்சோம், இதுவும் அதுல சேர்ந்ததுதான் என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் அவரோடு பேசுவதில்லை.

செங்கம்மாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்தால் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், தூற்றினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கிட்டே வந்து, மெதுவாக, எங்க பையன் திருட்டுத்தனமா பன்னி புடிக்கப் போனான்னு எழுதப் போறாங்களாமே, அப்படியா பத்மாக்கா என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. செத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. என் முறை வந்தது, அரிசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊர் பழையபடிதான் இருக்கிறது. டீக்கடையில் இப்போது அந்தப் பசங்களைத் திட்டுகிறார்கள், அவர்களால்தான் ஊருக்குப் போலீஸ் வந்ததாம். யானை தினமும் ஏதாவது ஒரு பக்கம் இறங்குகிறது. பசங்கள் புகை போடுவதை நிறுத்தவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்ப் பசங்களும் இப்போது கூட வருகிறார்கள். எங்கேயாவது கம்பி கட்டியிருப்பதாகத் தெரிந்தால் அந்த நிலத்துக்காரர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவிழ்க்கிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை. போன வாரம் உங்கள் பங்காளி ஒருத்தரே அவிழ்த்தார். யார் என்று எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை ரமணாவும் வக்கீலும் உங்களிடம் கையெழுத்து வாங்க வருகிறார்கள். மறுநாள் வியாழக்கிழமை குப்பம் கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் பிரமிளாவுக்கு வாக்குமூலம். அங்கே சொல்வதோடு முடியாது. கேஸ் நடக்கும்போது உங்கள் எதிரில் கூண்டில் ஏறி நின்று, நீங்கள் அவனைத் தூக்கப் போகாமல் கம்பியைச் சுருட்டினதை அவள் வாயால் சொல்ல வேண்டும். சொல்வாள். அவளை உங்களுக்குத் தெரியும், உங்கள் பிடிவாதம்தான் அவளுக்கும். சொல்லிவிட்டு எப்படி இருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நெலத்து வழியா போ என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் இப்போது தூங்குவதில்லை. இன்னொரு வார்த்தையையும் அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் அவளிடம் பேசும்போதெல்லாம் போலீஸ்காரர்கள் உங்களை முத்தாயி என்கிறார்கள். கேஸில் மாட்டினவரைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் அவர்களை நடுவில் நிறுத்தி, எங்க நைனா என்று திருத்துகிறாள். ஒரு எஸ்.ஐ.க்குக் கோபம்கூட வந்துவிட்டது.

அவள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள், மாமா. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பி என்னுடையது, கிணற்றில் கிடக்கிறது, அந்தப் பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை வருஷம் உள்ளே போட்டாலும் நான் வந்து பார்ப்பேன். மாட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு நாளைக்கே வீட்டுக்கு வந்தாலும் வாருங்கள், உங்கள் வீடு, சோறு போடுவேன். அவள் மட்டும் வீட்டில் இருக்க மாட்டாள்.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும் என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். எனக்கு எழுத வரவில்லை. நம் பெண்ணைக் காப்பாற்றிக் கொடுங்கள். அதற்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பத்மாவதி